கடலுக்குப் பக்கம், கட்டடத்துக்குத் தூரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கடற்கரை வீட்டு முதலீடு பற்றிய கட்டுரையைப் படித்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்துக்குத் தெற்கே ஒரு கிரவுண்டு வாங்கிப் போட்டால் விலை ஏறும், வீடு கட்டினால் சனி ஞாயிறு வாடகை வரும், அறுபதுக்கு மேல் நாமே குடியேறிவிடலாம் என்று கட்டுரையாளர் ஆசை காட்டியிருக்கிறார். நான் திருப்போரூர்ப் பக்கம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். அந்த மனைகள் கைமாறுவதை அருகில் இருந்து பார்த்தவன் என்ற முறையில், கட்டுரை விட்டுவிட்டதைச் சொல்கிறேன்.

இந்தச் சாலையில் கடலை நெருங்க நெருங்க விலை ஏறுகிறது. கட்டுகிற உரிமை குறைகிறது. வாங்க வருகிறவர்கள் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறி வரும் உச்ச எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம்; அங்கே கட்டுவதற்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு. அதிலும் கிராமப் பகுதியில், மக்கள் நெருக்கம் குறைந்த இடமென்றால் முதல் 200 மீட்டரில் புது வீடு கூடாது. நெருக்கமான இடங்களுக்கு மத்திய அரசின் 2019 அறிவிக்கை அதை 50 மீட்டராகச் சுருக்கியிருக்கிறது. உங்கள் மனை எந்த வகையில் வருகிறது என்பதைப் புரோக்கர் வாயால் கேட்கக்கூடாது, வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும். மேற்கே போனால் தப்பிக்கலாமா என்றால், அங்கே முட்டுக்காடு உப்பங்கழியும் பக்கிங்ஹாம் கால்வாயும் இருக்கின்றன. கடல் நீர் ஏறி இறங்கும் கரைகளுக்கும் இதே சட்டம் உண்டு.

“பத்திரம் பதிவாகிவிட்டதே சார், அப்புறம் என்ன?” என்று கேட்பவர்கள் நிறைய. சார்பதிவாளர் பதிவு செய்வது கைமாற்றத்தை. அந்த மண்ணில் வீடு கட்டலாம் என்று அவர் எங்கேயும் கையெழுத்துப் போடுவதில்லை. அது பிளான் போடும்போதுதான் தெரியும். அதற்குள் விற்றவர் பணத்தோடு போய்விட்டிருப்பார்.

அப்புறம் கோயில் நிலம். நெம்மேலி, கிருஷ்ணன்காரணை, பட்டிபுலம், சாலவான்குப்பம் என்று வரிசையாக ஆளவந்தார் நாயகர் என்பவர் பெருமாள் கோயில் காரியங்களுக்காக அறக்கட்டளையாக எழுதி வைத்த நிலம் ஆயிரம் ஏக்கருக்கு மேல் கிடக்கிறது. நெம்மேலியில் சென்னைக்காகக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையே அந்த அறக்கட்டளை மண்ணில் குத்தகைக்குத்தான் நிற்கிறது. அரசாங்கமே குத்தகைக்கு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் யாராவது ‘கிளியர் டைட்டில்’ என்று சொன்னால், சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி, நிலம் யாருடையது என்று காட்டும் வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டைப் பார்ப்பதுதான் முதல் வேலை. மாமல்லபுரம் போனால் வேறொரு கணக்கு. தொல்லியல் துறையின் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டரில் கட்டவே கூடாது, அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்க வேண்டும். அதையும் தாண்டித் தெற்கே வந்தால் கல்பாக்கம்; அணுமின் நிலையத்தைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் மக்கள்தொகை பெருகாமல் பார்த்துக்கொள்ளும் கட்டுப்பாடு. கட்டுரையில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

சொத்து விவரத்தில் நான்கெல்லை எழுதுவோம். வடக்கே இன்னார் மனை, தெற்கே 30 அடிப் பாதை, மேற்கே சவுக்குத் தோப்பு, கிழக்கே கடற்கரைப் புறம்போக்கு. மற்ற மூன்றும் எழுதின இடத்தில் இருக்கும். கிழக்கு எல்லை மட்டும் நகரும். 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கல் கொட்டி அலைத்தடுப்பு கட்டினார்கள். வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அங்கே தடுக்கப்பட்டது. வடக்கே பொம்மையார்பாளையம் வரைக்கும் கரை தேய்ந்தது. அந்த வரிசையில் கடலைப் பார்த்த மனை என்று வாங்கியவர் யாரும் அலைத்தடுப்பைப் பற்றி விசாரித்திருக்க மாட்டார்.

சரி, எல்லாம் சுத்தம், வீடும் கட்டியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உப்புக் காற்று அதிலிருந்து தன் பங்கைக் கேட்கும். கேட்டின் கீல் முதலில் போகும், ஸ்டீல் கைப்பிடியில் பழுப்புப் புள்ளி விழும். ஏசி வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகள் விரலால் தொட்டால் பொடியாக உதிரும். போர்வெல்லில் உப்புத் தண்ணீர் வந்தால் ஹீட்டரும் குழாயும் வெள்ளையாகப் பூத்துக்கொள்ளும். நெம்மேலித் தண்ணீர் குழாயில் நகரத்துக்குப் போகிறது. பக்கத்திலேயே வீடு கட்டியவர் லாரிக்குப் போன் போடுகிறார். வாட்ச்மேன் சம்பளம், நீச்சல் குளம், ஜெனரேட்டர் எல்லாம் விருந்தாளி வராத மாதத்திலும் உண்டு. கட்டுரையின் வாடகைக் கணக்கில் வரவுப் பத்தி மட்டும் இருந்தது.

வரிக் கணக்கையும் ஒரு வார்த்தை. வாங்கும்போது முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக நூற்றுக்கு 9 போய்விடுகிறது. விற்கும்போது நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5 சதவீதம், 2024 ஜூலை 23 முதல் வாங்கிய சொத்துக்கு விலைவாசி ஏற்றத்தைக் கழித்துக்கொள்ளும் சலுகை கிடையாது. புரோக்கர் கமிஷன் தனி.

குடியேறுவது பற்றி. கோவளம் வரைக்கும் எனக்கு ஆட்சேபம் இல்லை. பக்கத்தில் கேளம்பாக்கத்தில் பெரிய மருத்துவமனை இருக்கிறது, பஸ் இருக்கிறது. செய்யூர், மரக்காணம் பக்கம் போகிற வயதானவர்களை நினைத்தால்தான் கவலை. திங்களிலிருந்து வியாழன் வரை பக்கத்து வீடுகளில் ஆள் இருக்காது, இரவில் நெஞ்சுவலி என்றால் கதவைத் தட்ட ஒரு வாட்ச்மேன்தான். வெள்ளி இரவு வந்தால் அதே பக்கத்து வீட்டை வாடகைக்கு எடுத்தவர்கள் விடிய விடியப் பாட்டுப் போடுவார்கள். வாடகை வீடும் ஓய்வு வீடும் ஒரே லேஅவுட்டில் ஒத்துப்போகும் என்று எழுதியவர் அங்கே ஒரு சனிக்கிழமை தூங்கிப் பார்க்கலாம்.

ஆசை விடவில்லை என்றால், முதலில் ஒரு வருஷம் அதே ஊரில் வாடகைக்கு இருந்து பாருங்கள் என்று என்னிடம் வருகிறவர்களிடம் சொல்வேன். ஐப்பசி, கார்த்திகை கட்டாயம் அதில் சேர வேண்டும். 2022-ல் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தான் கரை ஏறியது. 2024-ல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே. அந்த மழையில் மனைக்குப் போகும் பாதை எப்படி இருக்கிறது என்பதை மாசி மாதம் ஞாயிற்றுக்கிழமை காரில் கூட்டிப்போகிறவர் காட்டமாட்டார்.

கடைசியாக உங்களிடமே ஒரு கேள்வி. அந்தக் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் முழுப்பக்க மனை விளம்பரம் ஒன்று இருந்தது. கடல் நீலமாக இருந்தது, தவணை விவரம் பெரிய எழுத்தில் இருந்தது. ரெரா, அதாவது மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணைத் தேடினேன், கண்ணில் படவில்லை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவைப் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்வதே சட்டப்படி கூடாது. பதிவு செய்திருந்தால் அந்த எண்ணை விளம்பரத்தில் போட வேண்டும். எண் இல்லாத மனை விளம்பரத்தை இனிமேல் வாங்க மாட்டோம் என்று உங்கள் பத்திரிகை அறிவிக்குமா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்,
திருப்போரூர்.