ஹேமிஷ் என்னும் அழைப்பு

அன்புள்ள யாழினிக்கு,

பிறக்கப்போகும் மகனுக்கு உன் கணவருடைய தாத்தாவின் பெயரான ஹேமிஷைச் சூட்டலாமா என்று கேட்டிருந்தாய். இணையத்தில் தேடினால் 'பிறர் இடத்தைப் பறிப்பவன்' என்று பொருள் வருகிறது என்றும், அதைப் படித்த நாள்முதல் மனம் ஒப்பவில்லை என்றும் எழுதியிருந்தாய். இதே தயக்கம் வேறு பெற்றோருக்கும் இருக்கக்கூடும் என்பதால், உன் அனுமதியுடன் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

அந்தப் பொருள் நெடுந்தொலைவிலிருந்து வருவது. ஹேமிஷின் மூலம் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் உள்ள ஷேமஸ் என்னும் பெயர். ஆங்கிலத்தார் ஜேம்ஸ் என்பதைத்தான் கேலிக் மக்கள் ஷேமஸ் என்கிறார்கள். ஜேம்ஸோ லத்தீன், கிரேக்கம் வழியாக எபிரேய யாக்கோபிடம் போய்ச் சேர்கிறது. இரட்டையரில் இளையவனான யாக்கோபு, அண்ணன் ஏசாவின் குதிகாலைப் பிடித்தபடி பிறந்தான் என்கிறது விவிலியத்தின் ஆதியாகமம். பின்னாளில் தன் ஆசியைத் தம்பி தந்திரமாகப் பெற்றுக்கொண்டபோது ஏசா நொந்து சொன்ன சொல்லே நீ இணையத்தில் கண்ட பொருளாயிற்று. 'கடவுள் காப்பாராக' என்னும் பொருளுள்ள பழம்பெயர் ஒன்றின் சுருக்கமே யாக்கோபு என்று கருதும் அறிஞரும் உண்டு. ஆகவே ஏமாற்றப்பட்ட ஓர் அண்ணனின் கோபத்தை உன் மகனின் பெயர்மேல் ஏற்ற வேண்டியதில்லை.

எனக்கு இந்தப் பெயர் பிடித்ததற்குக் காரணம் வேறு. சென்ற கோடையில் ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸில் உங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, பேருந்து நிலையத்தில் ஒரு மூதாட்டி, தன் பெட்டியை விட்டுவிட்டுப் புறாக்களின் பின்னால் ஓடிய பேரனை "அ ஹேமிஷ்!" என்று கூவி அழைத்தார். பையன் திரும்பி வந்ததும் பக்கத்தில் இருந்தவரிடம் அவனைக் காட்டி, "இவன் ஷேமஸ்" என்றார். இரண்டும் ஒரே பெயர்தான். கேலிக் மொழியில் ஆண்பெயரை விளிக்கும்போது முன்னால் 'அ' என்னும் ஒலி சேரும். முதல் மெய் மென்மையாகும். கடைசி மெய்யும் திரியும். அப்படித்தான் ஷேமஸின் 'ஷே' 'ஹே' ஆகிறது, இறுதி 'ஸ்' 'ஷ்' ஆகிறது. தொல்காப்பியம் விளிமரபு என்று தனி இயலே வகுத்த மொழியில் பிறந்த நமக்கு இது புரியாததல்ல: அட்டையில் முருகன், வாசலில் முருகா. அந்த 'முருகா'வைக் கேட்ட வேற்று மொழிக்காரர் ஒருவர் அதையே பெயர் என்று எழுதிக்கொண்டால் என்ன ஆகும்? ஹேமிஷ் அப்படிப் பிறந்த பெயர். மாரி என்னும் பெண்பெயரின் விளியான வாரியும் அங்கே இவ்வாறே தனிப்பெயராக நிலைத்துவிட்டது.

1855-இல் ஸ்காட்லாந்தில் பிறப்புப் பதிவு கட்டாயமானபோது, ஷேமஸ்கள் பதிவேட்டில் ஜேம்ஸ்களாகவே ஏறினார்கள். 1872-இன் கல்விச் சட்டமும் கேலிக்குக்குப் பள்ளியில் இடம் வைக்கவில்லை. ஏட்டில் இடம் கிடைக்காத மொழி வீட்டு வாசலில் நின்று பிள்ளையைக் கூப்பிட்ட குரலை ஆங்கில எழுத்து தன் போக்கில் பிடித்துவைத்ததே ஹேமிஷ். இதைப் பிழையான வடிவம் என்று சொல்லும் கேலிக் பற்றாளர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தக் குரல் இந்த வடிவத்தில்தான் உலகெங்கும் போயிருக்கிறது.

விக்டோரியா அரசியின் குடும்பம் 1852-இல் ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் உள்ள பால்மோரல் மாளிகையை வாங்கிய காலத்தில் மலைநாட்டு மோகம் பரவியிருந்தது. இந்தப் பெயரும் நகரத்தாரிடையே புழங்கத் தொடங்கியது. 1868-இல் கிரீனக்கில் பிறந்த இசையமைப்பாளர் ஜேம்ஸ் மக்கன் ஹேமிஷ் மக்கன் என்றே புகழ்பெற்றார். ஸ்காட்லாந்தியர் குடியேறிய நியூசிலாந்தில் இது மிக இயல்பான பெயர்: 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் டிரையத்லானில் (நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) தங்கம் வென்ற ஹேமிஷ் கார்ட்டர், மூன்று ஒலிம்பிக்கில் துடுப்புப் படகில் தங்கம் வென்ற ஹேமிஷ் பாண்ட் ஆகியோர் அந்நாட்டவர். ஸ்காட்லாந்திலோ ஜேம்ஸ் அளவுக்கு இது பரவலாக இல்லை. செல்வர் வீட்டுப் பெயர் என்று சிலர் ஒதுக்குவதுண்டு. சுற்றுலாக் கடைகளில் தொங்கும் மலைநாட்டுச் சடைமாட்டுப் பொம்மைக்கும் இதே பெயரை வைத்துவிடுகிறார்கள். பள்ளியில் அதைச் சொல்லிப் பிள்ளைகள் சீண்டக்கூடும். அவனுக்கு முன்கூட்டியே பெயரின் கதையைச் சொல்லி வை.

குழந்தை பிறந்து 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பதை மறவாதே. பதிவேட்டில் ஹேமிஷ் என்றே எழுதுங்கள். தாத்தா அப்படித்தான் வாழ்ந்தார். கேலிக்கில் எழுத நேரும்போது ஷேமஸ் என்று எழுதக் கற்றுக்கொடு. அக்காவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். தொலைபேசியை வைப்பதற்குள் இரண்டு முறை "ஹேமிஷ் கண்ணா" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டார்.

அன்புடன்,
மாமா