தமிழ்நாட்டுடன் மாநில அளவில் நட்புறவு ஒப்பந்தம் வேண்டி பினாங்கு முதலமைச்சருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
லிட்டில் இந்தியா வட்டாரச் சிறு வணிகர்களும் குடியிருப்பாளர்களும்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.

பெறுநர்:
மாண்புமிகு முதலமைச்சர் அவர்கள்,
பினாங்கு மாநில அரசு,
கொம்தார், ஜார்ஜ்டவுன்.

பொருள்: தமிழ்நாட்டுடன் மாநில அளவில் வணிக, பண்பாட்டு நட்புறவு ஒப்பந்தம் செய்துகொள்ளக் கோருதல் – தொடர்பாக.

மாண்புமிகு ஐயா,

வணக்கம். லெபோ பாசாரிலும் லெபோ பினாங்கிலும் ஜவுளி, மளிகை, பூ, பாத்திரம் விற்றுப் பிழைக்கும் நாங்களும், இதே வட்டாரத்தில் குடியிருக்கும் சிலரும் சேர்ந்து இந்த மனுவை எழுதுகிறோம். பினாங்கு அரசும் தமிழ்நாடு அரசும் நேரடியாக ஒரு நட்புறவு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. வெளியுறவு கூட்டரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் ஜார்ஜ்டவுன் 1973இல் அடிலெய்டுடனும், 1984இல் மேடானுடனும், 1993இல் சியாமெனுடனும் சகோதர நகர உறவு வைத்துக்கொண்டது. கோலாலம்பூர் சென்னையோடு 2010இலேயே அப்படியோர் உறவைத் தொடங்கிவிட்டது. 2024 ஆகஸ்டில் நம் பிரதமர் புதுடில்லி சென்றபோது மலேசிய–இந்திய உறவு முழுமையான வியூகப் பங்காளித்துவமாக உயர்த்தப்பட்டது. மேலே கதவு திறந்திருக்கிறது. மாநிலம்தான் உள்ளே நுழைய வேண்டும்.

இப்போது கேட்பதற்குக் காரணம் உண்டு. 2024 டிசம்பர் 21 முதல் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே இண்டிகோ நேரடியாகப் பறக்கிறது. அதற்கு ஓராண்டு முன்பே இந்தியக் குடிமக்களுக்கு 30 நாள் விசா விலக்கு வந்துவிட்டது. அதனால் எங்கள் தெருவில் தமிழ்நாட்டுச் சுற்றுப்பயணிகளின் நடமாட்டம் கூடியிருக்கிறது. குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலில் ஒரு கும்பிடு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் வாசலில் ஒரு படம், நாசி கண்டார் சோறு ஒரு தட்டு. மறுநாள் லங்காவிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். வருகிறவர்களைக் குறை சொல்லவில்லை. இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று அவர்கள் ஊரில் அவர்கள் மொழியில் சொல்ல நம் பக்கத்தில் ஆள் இல்லை என்பதே எங்கள் ஆதங்கம்.

சரக்கு விஷயம் இன்னும் மோசம். கோயிலுக்குப் பூக்கட்டும் எங்கள் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். சென்னையிலிருந்து வரும் மல்லிகை பெரும்பாலும் கோலாலம்பூரில் இறங்கி, அங்கிருந்து இரவெல்லாம் லாரியில் சுமார் 350 கிலோமீட்டர் வருகிறது. விடியற்காலையில் தெர்மோகோல் பெட்டியைத் திறந்தால் மேலே மொட்டாக இருப்பது அடியில் பழுத்துக் கிடக்கும். அடிப்பூவைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் கட்ட வேண்டும். கழித்த பூவுக்கும் சேர்த்துத்தான் காசு. இங்கே நேராக வந்து இறங்கும் விமானத்தின் சரக்கறையில் சிறு வணிகர்களுக்கும் இடம் வாங்கித் தர முடியுமா, பினாங்கு விமான நிலையத்தில் பூவையும் காய்கறியையும் விரைவாகச் சோதித்து விடுவிக்க வழியுண்டா என்று சுங்கத் துறையோடும் விமான நிறுவனத்தோடும் மாநில அரசு பேச வேண்டும். நாங்கள் போய்க் கேட்டால் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டுகிறது.

ஜவுளிக்காரர்கள் பாடும் இதுதான். காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் யாரிடம் வாங்குவது என்பது அப்பா காலத்துப் பழக்கத்தை நம்பி நடக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு நிறம், பார்சலில் வேறு நிறம். திருப்பி அனுப்பினால் கூலி சேலை விலையை நெருங்கிவிடும். மலேசிய–இந்திய விரிவான பொருளாதார ஒத்துழைப்பு ஒப்பந்தம் 2011 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி வரிச்சலுகை பெற எந்தச் சான்றிதழை யாரிடம் வாங்குவது என்று எங்களுக்குத் தமிழில் சொன்னவர் எவருமில்லை. தமிழ்நாட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களோடு நேரடியாகக் கொள்முதல் செய்யவும், இந்தச் சலுகையை விளக்கவும் மாநில அரசு ஒரு தனிப் பிரிவை அமைக்க வேண்டும். தமிழ் தெரிந்த அலுவலர் ஒருவரும் ஒரு மேசையும் இருந்தாலே போதும்.

பெரிய தொழில்களைப் பற்றி எங்களைவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரியும். 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் அமைந்ததிலிருந்து சிப்புகளைப் பொருத்திச் சோதிப்பதில் நம் மாநிலம் தேர்ந்திருக்கிறது. தமிழ்நாடோ கைப்பேசியும் மின்னணுப் பொருள்களும் ஏற்றுமதி செய்வதில் இந்தியாவிலேயே முன்னணியில் இருக்கிறது. சிப் துறையிலும் கால்பதிக்கப் பார்க்கிறது. மாநில முதலீட்டு அமைப்பான இன்வெஸ்ட் பினாங்கு ஸ்ரீபெரும்புதூருக்கும் ஓரகடத்துக்கும் குழு அனுப்பும்போது பெரிய கம்பெனிக்காரர்களோடு எங்களைப் போன்ற இரண்டு மூன்று கடைக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட் செலவு எங்களுடையது.

ஐயா, விமானம் வந்துவிட்டதே, பிறகென்ன என்று தோன்றலாம். முன்பு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு என்று ரஜூலா கப்பலும், பின்னர் எம்.வி. சிதம்பரம் கப்பலும் ஓடின. எங்களில் பலருடைய பெற்றோர் அந்தக் கப்பல்களில் வந்திறங்கியவர்கள்தான். 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்தது. அதோடு பயணிகள் கப்பல் போக்குவரத்தும் போயிற்று. விமானக் கம்பெனியும் கணக்குப் பார்த்துத்தான் பறக்கும். இருக்கை நிரம்பாத மாதங்களில் சேவையைக் குறைத்தால் நாங்கள் யாரிடம் போய் நிற்பது? இரு மாநில அரசுகளும் பங்காளிகளாக இருந்தால் திருச்சிக்கும் ஒரு விமானம் கேட்கலாம். ராமநாதபுரம், காரைக்குடி, கடையநல்லூர் பக்கத்து வேர் உள்ள குடும்பங்கள் பினாங்கில் எத்தனை என்பதை எந்த நாசி கண்டார் கடையில் விசாரித்தாலும் சொல்வார்கள்.

பண்பாட்டுத் துறையில் மேடைக் கச்சேரிகளுக்குக் குறைவில்லை; இன்னும் ஒன்று நடத்துங்கள் என்று கேட்க மாட்டோம். அவசரமானது காகிதம். லெபோ பினாங்கில் வட்டித்தொழில் நடந்த செட்டியார் கிட்டங்கிகளில் எழுதப்பட்ட பேரேடுகள், கைமாற்றுச் சீட்டுகள், கோயில் வீட்டுக் கணக்குகள், நாகூர் தர்கா கந்தூரி அழைப்பிதழ்கள் என எத்தனையோ, வீட்டுப் பெட்டிகளிலும் பரணிலும் கரையானுக்கு இரையாகின்றன. தைப்பூசத்துக்கு முந்திய நாள் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக் கோயிலை நோக்கிப் புறப்படுவதை உலகமே படமெடுக்கிறது. ரதம் செய்யப் பணம் திரட்டிய கணக்குப் புத்தகத்தைத் தேட ஆளில்லை. ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது கட்டடங்களுக்காக மட்டுமல்ல, இங்கே வாழும் மரபுகளுக்காகவும்தான். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தோடு சேர்ந்து இந்தத் தாள்களைப் படமெடுத்துப் பாதுகாக்கும் திட்டம் ஒப்பந்தத்தில் முதலிடம் பெற வேண்டும்.

1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதிலிருந்துதான் இந்நாட்டின் தமிழ்க்கல்வி வரலாற்றை எண்ணுகிறோம். இன்று மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஆசிரியர் பரிமாற்றத்தையும் ஒப்பந்தத்தில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம். தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலனுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. ஜனவரி 12ஐ அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். பினாங்கு அரசின் குழு அங்கே சென்று பேச்சைத் தொடங்க அது நல்ல வாய்ப்பு.

இது குறித்து உங்களையோ, பொறுப்பான ஆட்சிக்குழு உறுப்பினரையோ நேரில் சந்தித்துப் பேச அரை மணி நேரம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரமும் தைப்பூச நாள்களும் தவிர எந்த நாளில் அழைத்தாலும் கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு வந்துவிடுவோம். கழித்துப்போட்ட பூப்பெட்டி ஒன்றும் கையோடு கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
லிட்டில் இந்தியா வட்டாரச் சிறு வணிகர்களும் குடியிருப்பாளர்களும்

இணைப்பு: கையொப்பங்கள்