தாங்கி நிறைய டீசல் இருந்தால் எதுவரை போகலாம்?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

வாடை ஓய்ந்து கடல் படியத் தொடங்கிவிட்டால் எங்கள் வேலைத்தளத்துக்கு அடிக்கடி வரும் கேள்வி இதுதான்: "தம்பி, தாங்கி நிறைய அடித்தால் எவ்வளவு தூரம் ஓடும்?" நாங்கள் உடனே "என்ன வேகத்தில் ஐயா?" என்று திருப்பிக் கேட்போம். சிலருக்கு அது மழுப்பல் போலப் படுகிறது. மழுப்பல் இல்லை. வேகத்தைச் சொல்லாமல் தூரத்தைச் சொல்லவே முடியாது. போனில் அரைகுறையாக விளக்குவதைவிட எழுதிவிடுவது நல்லது என்றுதான் இந்த மடல்.

42 அடி மோட்டார் யொட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தண்ணீரில் படிந்திருக்கும் நீளம் 36 அடி. அதன் வர்க்கமூலம் 6, அதை 1.34ஆல் பெருக்கினால் 8. தண்ணீரை விலக்கிக்கொண்டு போகும் படகுக்கு அந்த 8 நொட்தான் (ஒரு நொட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) இயல்பான எல்லை. அதற்கு மேல் முறுக்கினால் படகு தான் எழுப்பிய அலையின் மேலேயே ஏற வேண்டியிருக்கும். மூக்குத் தூக்கும், பின்பக்கம் அமிழும், டீசல் கரையும்.

டீசல் எஞ்சின் மணிக்கு 1 லீற்றர் எரித்தால் ஏறக்குறைய 5 குதிரைவலு தரும். இந்தப் படகுக்கு 8 நொட்டில் 80 குதிரைவலு தேவை என்று வைத்தால் மணிக்கு 16 லீற்றர், அதாவது கடல் மைலுக்கு 2 லீற்றர். படகு எழும்பித் தண்ணீரின் மேல் வழுக்கி 18 நொட்டில் பறக்க 400க்குச் சற்று மேல் வேண்டும்: மணிக்கு 81 லீற்றர், மைலுக்கு நாலரை. இடையில் 11, 12 நொட்டில் மூக்கைத் தூக்கியபடி ஓட்டினால் மைலுக்கு அதே நாலரைதான், சில படகுகளில் அதைவிடக் கூட. திமிங்கிலம் பார்க்கக் கோணேசர் மலைக்கு வெளியே போகிறவர்களில் பலர் சரியாக அந்த வேகத்தில்தான் போகிறார்கள். நேரமும் மிச்சமில்லை, டீசலும் மிச்சமில்லை. ஒன்று மெதுவாகப் போங்கள், இல்லையென்றால் படகை முழுதாக எழும்ப விடுங்கள்.

சரி, தூரத்துக்கு வருவோம். தாங்கி 900 லீற்றர். போவதற்கு மூன்றில் ஒன்று, வருவதற்கு மூன்றில் ஒன்று, மீதி தொடாமல் கையிருப்பு. கடலோடிகளின் பழைய கணக்கு இது; நாங்களும் இதைத்தான் சொல்வோம். ஆக, ஓட்டத்துக்கு 600 லீற்றர். 18 நொட்டில் அது 133 கடல் மைல். மட்டக்களப்பு ஒரு வழிக்குக் கிட்டத்தட்ட 60 மைல், போய் வந்துவிடலாம். காங்கேசன்துறைக்குப் பருத்தித்துறையைச் சுற்றி 110 மைலுக்குக் குறையாது. போய்ச் சேரலாம், அங்கே டீசல் கிடைக்காவிட்டால் திரும்ப முடியாது. அதே படகை 8 நொட்டில் ஓட்டினால் 300 மைல். காங்கேசன்துறை போய் வந்த பிறகும், கையிருப்பைத் தொடாமலே 160 லீற்றர் மிஞ்சும். விலை என்னவென்றால், ஆறு மணிநேரப் பயணம் பதினான்கு மணிநேரம் ஆகும். இன்னும் பொறுமை உள்ளவர் 6.5 நொட்டுக்கு இறக்கினால் மணிக்கு 16 லீற்றர் 9 ஆகிவிடும்.

ஆனால் இதெல்லாம் அமைதியான கடலில். நம் பக்கத்தில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, தரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. காலையில் வெளியே போகும்போது முதுகைத் தள்ளிக் கொடுக்கும். திரும்பும்போது முகத்தில் அடிக்கும். அதனால் போகும்போது எரிந்த அளவை வைத்து வருகைக்குக் கணக்குப் போடாதீர்கள். எதிர் நீரோட்டம் மெதுவாகப் போகிறவரைத்தான் அதிகம் வதைக்கும். 1.5 நொட் எதிரோட்டத்தில் 8 நொட் படகு நிலத்தோடு ஒப்பிட்டால் 6.5தான் நகரும், மைலுக்கு 2 லீற்றர் என்பது இரண்டரையை நெருங்கிவிடும்.

அப்புறம் ஜெனரேட்டர். அதைக் கணக்கில் சேர்க்க யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. நங்கூரம் போட்டு ஏசியை ஓடவிட்டுத் தூங்கினால் மணிக்கு இரண்டரை லீற்றர் என்றாலும் ஒரு நாளில் 60 லீற்றர். 8 நொட்டில் 30 மைல் அது.

வாடைக் காலம் முழுக்க உள்துறைமுகத்தில் கட்டிக் கிடந்த படகென்றால் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பாசியும் சிப்பியும் ஏறியிருந்தால் மேலே சொன்ன எந்த எண்ணும் உங்களுக்குப் பொருந்தாது. விற்பனைத் தாளில் அச்சடித்த எண்ணும் அப்படித்தான். அது புதுப் படகு, துப்புரவான அடிப்பக்கம், குறைந்த பாரம்.

தாங்கியின் மீற்றரையும் முழுதாக நம்பவேண்டாம். படகின் அடிவளைவுக்கு ஏற்றபடி தாங்கியும் கீழே ஒடுங்கியிருந்தால், முள் பாதியில் நிற்கும்போது உள்ளே பாதிக்கும் குறைவாகவே இருக்கும். அடியில் கிடப்பதில் ஒரு பங்கை உறிஞ்சு குழாய் எட்டாது. அலையில் படகு ஆடும்போது அடிக்கசடு கலங்கி ஃபில்டருக்கு வரும். ஃபில்டர்க் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள்: கீழே தண்ணீர் தனியாக நிற்கும், அதற்கு மேலே டீசல், இரண்டுக்கும் நடுவில் கறுப்பாக வழுவழுவென்று ஒரு படை. எஞ்சினை நடுக்கடலில் நிறுத்துவது பெரும்பாலும் அந்தப் படைதான், டீசல் தீர்ந்துபோவது அல்ல. 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கும் ஊரில் இருந்துகொண்டு கானில் டீசல் சுமக்கிறோம். ஊற்றும்போதாவது வடிகட்டி ஊற்றலாம்.

பெற்றோல் அவுட்போட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: 40 குதிரைவலு எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு 15 லீற்றர் அளவிலோ அதற்கு மேலோ எரிக்கும். புறாமலைக்குப் போய்வரக் கணக்கு வேண்டாம், அதற்கு அப்பால் போவதென்றால் வேண்டும்.

உங்கள் படகின் உண்மையான எண் உங்கள் படகில்தான் இருக்கிறது. தாங்கியை வாய்வரை நிரப்பி, கொட்டியாரக் குடாவுக்குள் ஒரே ஆர்.பி.எம்.மில் அரை மணி போய், அதே கோட்டில் அரை மணி திரும்பி வாருங்கள். காற்றும் ஓட்டமும் ஓரளவு ஈடாகிவிடும். ஜீ.பி.எஸ். காட்டும் தூரத்தைக் குறித்துவிட்டு, முதலில் நிரப்பிய அதே இடத்தில் கட்டி மறுபடி வாய்வரை நிரப்புங்கள். ஊற்றிய லீற்றரைத் தூரத்தால் வகுத்தால் மைலுக்கு எவ்வளவு என்று வந்துவிடும். நாலைந்து ஆர்.பி.எம்.மில் இப்படிச் செய்து, அட்டையில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள்.

தனியாகச் செய்யத் தயக்கம் உள்ளவர்கள் சீசன் சூடுபிடிக்க முன் எங்களிடம் நாள் கேளுங்கள்; எஞ்சின் சர்வீஸோடு சேர்த்து நாங்களே கூட வந்து அளந்து தருகிறோம். வரும்போது தாங்கியின் கொள்ளளவு எழுதிய தாளையும், கடைசியாக அடிப்பக்கம் சுரண்டிய திகதியையும் கொண்டுவாருங்கள். டீசல் உங்கள் செலவு.

இப்படிக்கு,
படகு எஞ்சின் வேலைத்தளத்தார்,
திருகோணமலை