வாய் திறக்க முடியாத அணி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அணிகளின் தொடர் தோல்வி பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை உடற்தகுதி, வியூகம், தேர்வுக் குளறுபடி என எல்லாவற்றையும் தொட்டது. ஓய்வறையில் யார் வாய் திறக்கிறார்கள், யார் திறப்பதில்லை என்பதை மட்டும் விட்டுவிட்டது. பல அணிகள் ஆட்டத்தைக் கோட்டைவிடுவது அங்கேதான்.

ஒரு வேகப்பந்து வீச்சாளரை எடுத்துக்கொள்வோம். மூன்றாவது ஸ்பெல்லில் (தொடர்ச்சியாக ஓவர் வீசும் சுற்றில்) தொடையின் பின்பக்கம் இறுகுகிறது. ஓடிவரும் வேகத்தைக் குறைக்கிறார், கடைசி இரண்டு எட்டுகள் சுருங்குகின்றன, பந்து ஷார்ட்டாக விழுகிறது. “லென்த்தில் போடு” என்று கேப்டன் கத்துகிறார். அணியின் உடலியக்கச் சிகிச்சையாளரான பிசியோவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சில நாள் ஓய்வோடு போயிருக்கும். சொன்னால் இடம் பறிபோகும் என்ற பயத்தில் அவர் சொல்லவில்லை. அடுத்த ஓவரில் தசை கிழிந்தால் பல வாரங்கள் வெளியே உட்கார வேண்டியதுதான்.

தலையில் அடிபட்டதை மறைப்பது இதைவிட ஆபத்து. கன்கஷனோடு, அதாவது அடியால் மூளை அதிர்ந்த நிலையில், தொடர்ந்து ஆடியவர் தேற அதிக நாள் ஆகும். சர்வதேசக் கிரிக்கெட்டில் 2019 ஆகஸ்டிலிருந்து இதற்கென மாற்று வீரர் விதி இருக்கிறது. ஆனால் தலைவலியும் கண் மங்கலும் வெளியே தெரியாது. வீரர் சொன்னால்தான் உண்டு.

பயமில்லாமல் இப்படிச் சொல்ல முடிவதைத்தான் உளப் பாதுகாப்பு என்கிறோம். ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் ஒரு நிறுவனத்தின் 51 பணிக்குழுக்களை ஆராய்ந்து 1999இல் இந்தக் கருத்தை விரிவாக எழுதினார். தவறை ஒப்புக்கொண்டாலும், தெரியாததைக் கேட்டாலும் இங்கே யாரும் நம்மை மட்டம் தட்ட மாட்டார்கள் என்ற நம்பிக்கை குழு முழுவதற்கும் பொதுவாக இருப்பதே அது. அதற்கு முன் மருத்துவமனைகளில் அவர் கண்டது பயிற்சியாளர்களுக்கு நேரடிப் பாடம்: நன்றாக இயங்கிய குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. தவறை வெளியே சொல்ல அங்கே பயமில்லை என்பதே அவர் அதற்குக் கண்ட விளக்கம். ஒரு சீசன் முழுக்க யாருமே ‘வலிக்கிறது’ என்று சொல்லாத அணியைப் பார்த்தால் பயிற்சியாளர் கவலைப்பட வேண்டும்.

இப்படி இடம் கொடுத்தால் வீரர்கள் சொகுசாகிவிடுவார்கள் என்று வாதிடுவோர் டோக்கியோ ஒலிம்பிக்கை நினைத்துப் பார்க்க வேண்டும். 2021 ஜூலையில் ஜிம்னாஸ்டிக்ஸ் அணி இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் இரண்டரை முறை சுழல வேண்டிய வால்ட்டில் (ஓடிவந்து மேசையில் கையூன்றித் தாவும் பிரிவில்) ஒன்றரை முறைதான் சுழன்றார். காற்றில் தன் உடல் எங்கே இருக்கிறது என்பதே பிடிபடாத நிலை அது. அதை வெளிப்படையாகச் சொல்லி விலகினார். மீதி மூன்று கருவிகளிலும் அவர் இடத்தில் சக வீராங்கனைகள் இறங்கினார்கள், அணி வெள்ளி வென்றது. அவர் மறைத்துக்கொண்டு இறங்கியிருந்தால் கழுத்தே முறிந்திருக்கலாம். 2024 பாரிஸில் அவர் இருந்த அணி தங்கம் வென்றது.

அடையாளப் பிரச்சினை இதோடு பின்னிக் கிடக்கிறது. வென்றால் ஜெர்மானியன், தோற்றால் குடியேறி என்று தன்னைப் பார்க்கிறார்கள் எனச் சொல்லி துருக்கிய வம்சாவளிக் கால்பந்து வீரர் மெசூட் ஓசில் 2018இல் ஜெர்மனி அணியை விட்டு விலகினார். ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியான யூரோ 2020 இறுதியில் பெனால்டியைத் தவறவிட்ட மூன்று இங்கிலாந்து வீரர்கள் மீது இனவெறி வசை பொழிந்தது. தன் தவறு தன் இனத்தின் கணக்கிலேயே எழுதப்படும் என்று தெரிந்தவர் துணிந்து ஆட மாட்டார். முன்னால் தட்ட வேண்டிய பந்தைப் பின்னால் தட்டுவார், கேட்ச்சுக்குக் குரல் கொடுக்க ஒரு நொடி தயங்குவார். அந்த ஒரு நொடியில் இருவர் மோதிக்கொள்வார்கள், அல்லது பந்து நடுவில் விழும். ஸ்கோர் கார்டில் இதற்குக் கட்டம் கிடையாது. நிறத்தை, மதத்தை, பேச்சு வழக்கை வைத்துச் சூட்டப்படும் பட்டப்பெயருக்குச் சம்பந்தப்பட்டவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது பெரிய தவறு.

இன்னொரு வகை அடையாளச் சிக்கலும் உண்டு. ‘நான் விளையாட்டு வீரன், வேறெதுவும் இல்லை’ என்று வாழ்பவருக்குக் காயம் வந்தால் ஆளே காணாமல் போன மாதிரி இருக்கும். அதனாலேயே மறைப்பார், தேறுவதற்கு முன்பே திரும்பி வருவார். விளையாட்டோடு மட்டும் தன்னைப் பிணைத்துக்கொள்ளும் இந்தப் போக்கை அளக்க 1993இலேயே வினாப்பட்டியல் வந்துவிட்டது.

செய்ய வேண்டியவை செலவு பிடிக்காதவை. ஆட்டம் முடிந்த சூட்டில் கூட்டம் போடாமல் மறுநாள் இருபது நிமிடம் உட்காருங்கள். என்ன திட்டமிட்டோம், எங்கே பிசகியது, அடுத்த பயிற்சியில் எதை மாற்றுவது என்று மூன்றே கேள்விகள். பேசுவதற்கு முன் ஆளுக்கு இரண்டு வரி எழுதிக்கொள்ளட்டும். இளையவர் முதலில், கேப்டன் பிறகு, பயிற்சியாளர் கடைசி. வரிசை தலைகீழானால் எல்லோரும் பயிற்சியாளர் சொன்னதையே திருப்பிச் சொல்வார்கள். பயிற்சியாளர் தன் தவறு ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். “நானும் மனுஷன்தான்” என்ற பொத்தாம்பொதுப் பேச்சு போதாது. “இடக்கை ஆட்டக்காரருக்கு ஸ்பின்னரை இரண்டு ஓவர் தாமதமாகக் கொண்டுவந்தேன்” என்ற அளவுக்குத் திட்டமாக இருக்கட்டும். பட்டப்பெயரைத் தடுக்கும் வேலை கேப்டனுடையது, பாதிக்கப்பட்டவர் முறையிடும்வரை அவர் காத்திருக்கக் கூடாது. புகார்ப் பெட்டியை நம்ப வேண்டாம். பதினைந்து பேர் அணியில் கையெழுத்தைப் பார்த்தே ஆள் தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், பிசியோவிடம் சொல்வது தேர்வாளர் காதுக்கு எந்த அளவு போகும் என்பதைச் சீசன் தொடங்கும் முன்பே எழுத்தில் வைப்பது. ஆட முடியுமா, எத்தனை நாள் ஆகும் என்ற இரண்டு மட்டும் போனால் போதும். தகுதி குறைந்தால் இடம் போகலாம், சொன்ன காரணத்துக்காகப் போகக் கூடாது. முதலில் வலியைச் சொன்னவர் தேறி வந்த பிறகு அவருக்கு என்ன நடக்கிறது என்பதை மற்ற பதினான்கு பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுத்தவர் பேசுவாரா மாட்டாரா என்பது அந்த வாரத்திலேயே முடிவாகிவிடும்.

இப்படிக்கு,
விளையாட்டு உளவியல் துறை வாசகர் ஒருவர்