செயலாளர் ஆண்டறிக்கை: ஒரு ரூட்டரும் அதற்குத் தேடிய மூளையும்

தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு 6 முறை கூடியது. தீபாவளி ஒன்றுகூடலும் மாணவர்களுக்கான சாலிடரிங் வகுப்பும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவு பொருளாளர் அறிக்கையில் இருக்கிறது. மற்றபடி இந்த வருஷத்தை விழுங்கியது செந்தூல் பட்டறையில் நாமே கட்டிய சி.என்.சி. ரூட்டர்தான், அதாவது கணினி சொல்கிறபடி பலகை வெட்டும் இயந்திரம்.

சட்டகம் ஏப்ரலிலேயே நின்றுவிட்டது. 900-க்கு 600 மில்லிமீட்டர் மேசை, துடிப்புக்கு ஒரு படியாகச் சுழலும் நெமா 23 அளவு ஸ்டெப்பர் மோட்டார்கள் நான்கு. அவற்றில் இரண்டு, வெட்டும் தலையைச் சுமந்து மேசைமேல் நகரும் பாலத்தின் இரு கால்களையும் தள்ளுவதற்கு. இதை இயக்க எந்தக் கட்டுப்பாட்டு போர்டு, எந்த மென்பொருள் என்று கேட்டதும் குழு மூன்றாகப் பிரிந்தது.

தொழிற்சாலையில் பழகிய அண்ணன் ஒருவர் மாக்3 என்றார். நல்ல மென்பொருள்தான். ஆனால் பேரலல் போர்ட் என்ற பழைய பிரின்டர் இணைப்புக்கான அதன் டிரைவர் மென்பொருள் 32-பிட் விண்டோஸில்தான் ஓடும். நம் மடிக்கணினிகளில் அந்த போர்ட்டே கிடையாது. "அதுக்கென்ன" என்று யு.எஸ்.பி. மாற்றி ஒன்றை வாங்கிவந்தார். அது பிரின்டருக்கானது. மோட்டாருக்கு வேண்டிய மின் துடிப்புகளை நேரம் பிசகாமல் அனுப்ப அதனால் முடியாது.

இளைஞர்கள் லினக்ஸ்சிஎன்சி என்ற மென்பொருள் பக்கம். இலவசம், எந்த வகை இயந்திரத்துக்கும் வளைந்துகொடுக்கும். தானமாக வந்த மேசைக் கணினியில் பேரலல் போர்ட் இருந்ததால் கணினி எவ்வளவு தாமதிக்கிறது என்று காட்டும் லேட்டன்சி சோதனை ஓட்டிப் பார்த்தோம். 20 மைக்ரோவினாடிக்குள் இருந்தால் அருமை. 100-ஐத் தாண்டினால் கணினியே துடிப்பு கொடுக்கும் எண்ணத்தை விட்டுவிட வேண்டியதுதான். ஐந்து நிமிடம் சமர்த்தாக இருந்தது. ஒரு தம்பி பென்டிரைவைச் செருகினார்: 180. மீசா என்ற கட்டுப்பாட்டு கார்டு போட்டால் துடிப்பு வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும், கணினி கொஞ்சம் தடுமாறினாலும் பாதகமில்லை. விலையைக் கேட்ட பொருளாளர் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் கேட்டார்: "இந்தத் தம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால் இதை யார் பார்ப்பது?"

அந்தக் கேள்விதான் முடிவு செய்தது. மூன்றாவது அணி சொன்ன ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கட்டுப்பாட்டு போர்டு கெட்டால் ஜாலான் பாசார் மின்னணுக் கடைகளில் அன்றைக்கே இன்னொன்று வாங்கலாம், ஜி.ஆர்.பி.எல். மென்பொருளை அதில் ஏற்றச் சில நிமிடம் போதும். இந்தச் சின்ன போர்டு தாங்குமா என்று எனக்குச் சந்தேகம். வெள்ளைப் பலகையில் கணக்குப் போட்டோம். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி. மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் பெட்டியில் 8 மைக்ரோஸ்டெப் வைத்தால், அதாவது ஒரு படியை எட்டாகப் பிரித்தால், 1,600 துடிப்பு. பால் ஸ்குரூ என்ற திருகுத் தண்டு ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும். ஆக மில்லிமீட்டருக்கு 320. நிமிடத்துக்கு 3,000 மி.மீ. வேகத்தில் ஓடினால் வினாடிக்கு 16,000 துடிப்பு. ஊனோவில் ஜி.ஆர்.பி.எல். ஏறக்குறைய 30,000 வரை கொடுக்கும். யாரோ ஆசைப்பட்டு 16 மைக்ரோஸ்டெப் என்றார், 32,000 ஆகிவிட்டது. சரி, 8-லேயே நிறுத்திக்கொண்டோம்.

தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் காவடிக்கு மயில் பலகை வெட்டினோம். தோகையின் நடுவில் இயந்திரம் நின்று 'அலாரம் 1' என்றது. ஓட்டத்தின் எல்லையில் இருக்கும் லிமிட் சுவிட்ச் தட்டப்பட்டதாம். பாலமோ மேசை நடுவில் நிற்கிறது! பாழான பிளைவுட் மூன்று. எல்லாரும் மென்பொருளைத் திட்டினோம், நானும்தான். வெட்டும் கத்தியைச் சுழற்றும் ஸ்பிண்டிலை நிறுத்திவிட்டு வெறுமனே ஓட்டியபோது ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஸ்பிண்டிலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டரின் கேபிளையும் சுவிட்ச் கம்பியையும் ஒரே கட்டாகக் கட்டியிருந்தது நாங்களேதான்; கேபிளின் மின் இரைச்சல் கம்பியில் ஏறி, சுவிட்ச் தட்டியதாக போர்டை ஏமாற்றியிருக்கிறது. இரண்டையும் பிரித்தோம், சுவிட்சுக்கு ஷீல்டு கேபிள் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தோம். தட்டாதவரை மின்சுற்று மூடியே இருக்கும் வகை சுவிட்சாக மாற்றியதால் கம்பி அறுந்தாலும் இனி உடனே தெரிந்துவிடும். நான்காவது மயில் முழுசாக வந்து பத்துமலை ஏறியது.

அவசர நிறுத்தப் பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. அது போர்டிடம் அனுமதி கேட்பதில்லை. கான்டாக்டர் என்ற பெரிய மின் சுவிட்ச் வழியாக டிரைவர், ஸ்பிண்டில் இரண்டின் மின்சாரத்தையும் நேரடியாக அறுக்கிறது. தயவுசெய்து யாரும் அதை 'எளிமைப்படுத்த' வேண்டாம்.

ஒரு குறை மிச்சம். பாலத்தின் இரண்டு மோட்டார்களும் ஒரே சிக்னலில் ஓடுவதால், ஒவ்வொரு முறை இயக்குமுன்னும் பாலத்தைக் கையால் தள்ளிச் சதுரம் பார்க்க வேண்டியிருக்கிறது. இரு பக்கமும் தனித்தனி சுவிட்ச் வைத்துத் தானே நேராக்கிக்கொள்ள கிர்பிள்ஹால் போன்ற மென்பொருளும் அதற்கேற்ற போர்டும் வேண்டும். மோட்டார், டிரைவர் எதுவும் மாறாது. இதற்கான தீர்மானம் இன்றைய நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. அறிக்கை ஏற்கப்பட்டால் 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டு விவரங்களை அனுப்பிவிடுவேன்.

அண்ணன் வாங்கிய யு.எஸ்.பி. மாற்றி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. வீட்டில் பழைய பிரின்டர் வைத்திருப்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

செயலாளர்