அகழ்வாரைத் தாங்கும் நிலமும் எர்த் குழியும்

மன்னார்குடி
ஐப்பசி 20

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாமதத்துக்கு மழையையும் சரோஜாவின் கண் ஆபரேஷனையும் காரணம் சொல்லலாம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்கிறாள். அலமாரித் தூசியெல்லாம் தெரிய ஆரம்பித்துவிட்டது, வேலை எனக்குத்தான்.

உண்மைக் காரணம் வேறு. "பள்ளிக்கூட மலருக்குக் கட்டுரை எழுதுகிறாயாமே, எப்படிப் போகிறது?" என்று கேட்டிருந்தாய். போகவே இல்லை. அந்த வெட்கத்தில்தான் உனக்கும் எழுதவில்லை.

கேட்டது இரண்டே பக்கம். மின்சாரச் சாமான்களின் உலோக உடம்பைக் கம்பியால் பூமியோடு சேர்க்கிறோமே, அந்த எர்த் வீட்டுக்கு எதற்கு என்று பிள்ளைகளுக்குப் புரிய வைக்க வேண்டும். லைன்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவனுக்கு ஒரு சாயங்கால வேலை என்று நினைத்து, பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். "மின்சாரம் இல்லாத வாழ்க்கையை எண்ணிப் பார்க்க முடியுமா?" என்று தொடங்கினேன். சரோஜா வாசித்துவிட்டு, "முடியும், போன வாரம்கூட ஒரு நாள் முழுக்க இல்லையே" என்றாள். அடித்துவிட்டேன். மேடையில் மைக்கைச் சரிசெய்கிற நேரத்துக்கு அப்படி ஒரு வாக்கியம் வேண்டியிருக்கும். தாளில் மைக் ஏது?

அப்புறம் என் பெயர் பெற்ற வாக்கியத்துக்கு வந்தேன். உனக்கு நினைவிருக்கும், நீ சொல்லிக்கொடுத்த குறள்தான். பாதுகாப்பு வாரத்தில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், "அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல" என்று ராகம் போட்டு இழுத்துவிட்டு, "தோண்டுகிறவனையே தாங்குகிற பூமி, உங்கள் வீட்டு மின்சாரத்தையா தாங்காது? அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும்!" என்பேன். கைதட்டல் கூரையைப் பிய்க்கும். தலைமை ஆசிரியர்களே எழுந்து நின்று தட்டியிருக்கிறார்கள்.

அதை அப்படியே எழுதினேன். அடுத்த வாக்கியம், "அதனால் ஃபியூஸ் போய்விடும்." எழுதிவிட்டுப் பார்த்தால், அந்த "அதனால்" ஒட்டவில்லை. பூமி உறிஞ்சிக்கொண்டால் விஷயம் அதோடு முடிந்ததே, ஃபியூஸ் எதற்குப் போக வேண்டும்? மூன்று நாள் அந்த ஒரு சொல்லோடு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷமும் சரியாக அந்த இடத்தில்தான் கைதட்டல் வந்து விழுந்திருக்கிறது. அது அடங்குவதற்குள் நான் அடுத்த வாக்கியத்துக்குத் தாவியிருப்பேன். தாளில் யாரும் கைதட்டாததால் ஓட்டை ஓட்டையாகவே தெரிந்தது.

வேடிக்கை என்னவென்றால், விடை என் கைக்குத் தெரியும். புது டிரான்ஸ்பார்மர் நட்டு வைக்கும்போது அதன் நியூட்ரலை, அதாவது மின்சாரம் திரும்பி வந்து சேர்கிற முனையை, பூமியோடு சேர்த்துக் கட்டுவதை நானே எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். மின்சாரம் எங்கே புறப்பட்டதோ அங்கே திரும்பியாக வேண்டும். மின்சாரம் கொண்டுவருகிற பேஸ் கம்பி ஃபிரிட்ஜின் உடம்பில் பட்டால், அந்த மின்சாரம் எர்த் கம்பி வழியாக, அதன் நுனியைப் புதைத்திருக்கிற குழிக்குப் போய், மண்ணுக்குள் நடந்து, டிரான்ஸ்பார்மர் நியூட்ரலுக்கே வந்து சேர்கிறது. மண் வெறும் பாதைதான். பாதை நன்றாக இருந்தால் நிறைய மின்சாரம் பாயும், ஃபியூஸ் உருகும். 230 வோல்ட்டுக்கு வழியில் மொத்தம் 10 ஓம் தடை என்றால் 23 ஆம்பியர், 5 ஆம்பியர் ஃபியூஸ் சட்டென்று போய்விடும். குழி காய்ந்து தடை 50 ஓம் ஆகிவிட்டதா, 4.6 ஆம்பியர்தான். ஃபியூஸ் அசையாது. ஃபிரிட்ஜ் கதவைத் தொடுகிறவனுக்குத்தான் சாவு. குழியில் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்வது இதற்காக. கரி ஈரத்தைப் பிடித்து வைக்கும், உப்பு அந்த ஈரத்தில் கரைந்து தடையைக் குறைக்கும். இப்போது வீடுகளில் மாட்டுகிற ஆர்சிசிபி என்கிற பாதுகாப்பு சுவிட்ச், போன மின்சாரமும் திரும்பியதும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. 30 மில்லியாம்பியர் குறைந்தாலே கட் பண்ணிவிடும்.

கையால் செய்ததும் வாயால் பேசியதும் ஒரே மனுஷனுக்குள் இத்தனை காலம் சந்திக்காமலே இருந்திருக்கின்றன. கற்றதை விரித்துரைக்கத் தெரியாதவர்கள் மணமில்லாத பூங்கொத்து என்று வள்ளுவர் சொல்கிறார் அல்லவா, என் கதை தலைகீழ். மணம் ஊரெல்லாம் வீசியது, பூவைத்தான் காணோம்.

நீ ஒருமுறை பிளேட்டோவின் உரையாடல் ஒன்றைச் சொன்னாய். பேச்சுக்கலை சமையல் மாதிரி, சிறுபிள்ளைகள் நடுவர்களாக இருந்தால் வைத்தியர் சமையல்காரரிடம் தோற்றுப்போவார் என்று சாக்ரடீஸ் மடக்குவாரே. அதே உரையாடலில் பேச்சுக்கலை ஆசிரியரான கோர்கியாஸ் சொல்கிறதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவருடைய தம்பியோ அண்ணனோ ஒரு வைத்தியர், அந்த வைத்தியர் சொல்லி மருந்து குடிக்காத நோயாளியைத் தான் பேசியே குடிக்க வைத்ததாகச் சொல்வார். எனக்கு இன்றைக்கும் பாதி மனசு கோர்கியாஸ் பக்கம்தான். ஓம் கணக்குச் சொல்லியிருந்தால் எங்கள் தெருவில் எவன் குழி தோண்டியிருப்பான்? குறளைக் கேட்டுத்தான் நாலு வீட்டில் தோண்டினார்கள். ஆனால் போன வாரம் அந்த நாலு வீட்டுக்கும் போய்ப் பார்த்தேன். ஒரு குழி மேல் துளசி மாடம் கட்டியிருக்கிறார்கள். இன்னொன்றில் சிமெண்டு பூசியாகிவிட்டது. தண்ணீர் ஊற்றிய அடையாளம் எதிலும் இல்லை. அவர்களைச் சொல்லி என்ன? பூமாதேவி தாங்கிக்கொள்வாள் என்றுதானே நான் சொன்னேன். தாங்குகிறவளுக்குத் தண்ணீர் எதற்கு?

இப்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கு நடுவிலும் "அதனால்" போட்டுப் பார்க்கிறேன். நின்றால் அந்தச் சொல்லை எடுத்துவிடுகிறேன், விழுந்தால் வாக்கியத்தை எடுத்துவிடுகிறேன். நூலுக்கு ஆகாது என்று நன்னூல் இலக்கணம் சொல்கிற பத்துக் குற்றங்களை நீ எழுதிக்கொடுத்த சீட்டு இன்னும் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை வளர்க்கிற மற்றொன்று விரித்தலைச் சரோஜா பிடித்துவிடுவாள், கொட்டாவி வரும். போகப் போக வலுக் குறைந்து முடிகிற சென்று தேய்ந்து இறுதல்தான் என்னை விடமாட்டேன் என்கிறது. ஆர்சிசிபிக்கு வரும்போது கட்டுரை நூலாக மெலிந்துவிடுகிறது. (இந்தக் கடிதமும் அப்படித்தான் போகிறது என்று நீ சிரிப்பாய்.)

ஒன்று கேட்க வேண்டும். குறளை எடுத்துவிடவா, வைத்துக்கொள்ளவா? எடுத்தால் பிள்ளைகள் படிக்க மாட்டார்கள், வைத்தால் அது ஒன்றுதான் அவர்கள் மனசில் நிற்கும். தமிழ் வாத்தியார் நீதான் சொல்ல வேண்டும். வருகிற 25ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டுமாம்.

கோயம்புத்தூரில் உன் மகள் வீட்டில் எர்த் குழி எங்கே இருக்கிறது? அபார்ட்மெண்ட் என்றால் செகரட்டரியிடம் கேள். அங்கே பாறை மண் வேறு. மூட்டு வலிக்கு எண்ணெய் அனுப்புகிறேன் என்று சரோஜா சொல்லச் சொன்னாள்.

உன்,
ராமு