கதிர் அறுப்புப் பாட்டுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

தைப்பொங்கலன்று ரங்கூனில் நம் பிள்ளைகள் பாடிய கதிர் அறுப்புப் பாட்டு, நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயி அம்மாளுக்கு நாம் செலுத்திய அஞ்சலி. 2025 ஜூனில், 99 வயதில் அவர் காலமான செய்தி வந்தபோதே பேசி வைத்தது இது. சிவகங்கைச் சீமையிலிருந்து கப்பலேறி, ஐராவதிப் பக்கம் நெல் அறுக்க வந்தவர்களின் வம்சம் நம்மில் பலர். கொல்லங்குடி வெட்டுடையார் காளி பேரைச் சொன்னால் இங்கேயும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். வானொலியில் பாடி வந்த கருப்பாயி அம்மாள், 1985இல் 'ஆண்பாவம்' பாட்டியாகத் திரைக்கு வந்தார். 1993இல் கலைமாமணி ஆனார்.

முதல் நன்றி பெகுவிலிருந்து வந்து தங்கிய அப்பத்தாவுக்கு. (பேர் போடக் கூடாதென்று உத்தரவு.) பிள்ளைகள் மைக் முன்னால் விறைப்பாக நின்று பாடியதைக் கேட்டுவிட்டு, "இதென்ன பள்ளிக்கூடப் பாட்டா? குனிங்கடி!" என்று ஒரு அதட்டல். இடது கையில் தாளைச் சேர்த்துப் பிடி, அரிவாளை இழு, அரியைப் பக்கத்தில் போடு. அதற்குள் ஓர் அடி முடிந்துவிட வேண்டுமாம். முன்னே பாடுகிறவள் மூச்சு வாங்கத்தான் மற்றவர்கள் 'தன்னானே' போடுவதாம். யூடியூபில் கருப்பாயி அம்மாள் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டும் பிடிபடாத இழுவை, குனிந்ததும் தானாக வந்தது. குலவையும் அப்பத்தா போட்டதுதான். சின்னதுகள் போட முயன்றது தனிக் கூத்து.

இங்கே அறுப்பு மார்கழியிலேயே முடிந்துவிடும். பொங்கலுக்குக் கதிருக்கு எங்கே போவது என்று திண்டாடியபோது, பின்பட்டத்தில் நட்டிருந்த பர்மியப் பெரியவர் ஒருவர் இரண்டு கட்டு அறுத்து, நெல் உதிராமல் ஈரச் சாக்கில் சுற்றி, லாரியில் ஏற்றிவிட்டார். காசு நீட்டியதற்குக் கோபித்துக்கொண்டார். அவருக்கு நம் பொங்கல் பானையிலிருந்து முதல் கிண்ணம் போய்ச் சேர்ந்தது.

தமிழ் எழுத்து இன்னும் கைவராத பிள்ளைகளுக்காகப் பாட்டு முழுவதையும் பர்மிய எழுத்தில் எழுதித் தந்த அக்காவுக்கும், 1960களில் இங்கிருந்து போய் வியாசர்பாடியில் குடியேறி, விட்டுப்போன அடிகளைத் தங்கள் அம்மா வாயாலேயே போனில் பாடி அனுப்பிய குடும்பத்தாருக்கும் நன்றி. அந்த அடிகள் இல்லையென்றால் பாட்டு களத்துமேட்டுக்கு வராமல் வயலிலேயே நின்றிருக்கும்.

வழக்கம்போல் கரண்ட் போனது. ஜெனரேட்டர் தம்பி டீசலோடு தயாராக இருந்தார்; ஆனால் அவர் முடுக்குவதற்குள் பிள்ளைகள் மைக் இல்லாமலே மண்டபத்தை நிறைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், அன்றைக்கு நன்றாக இருந்தது அந்தப் பகுதிதான்.

விடியற்காலையில் மொகிங்கா (மீன் குழம்பு ஊற்றிய பர்மிய நூடுல்ஸ்) கொண்டுவந்த பெரியம்மா, மண்டபம் தந்த கோயில் தர்மகர்த்தா, பாய் விரித்துச் சுருட்டிய இளைஞர்கள் எல்லோருக்கும் நன்றி.

இரவல் வாங்கிய அரிவாள்கள் கோயில் அலுவலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பிடியில் சிவப்புத் துணி சுற்றியது யாருடையது என்றுதான் தெரியவில்லை. உரியவர் வந்து வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
பொங்கல் விழாக் குழுவினர்,
ரங்கூன்